வீட்டிலிருந்து செய்யும் வேலை: மோசடியை இனங்கண்டு விலக ஒரு வழிகாட்டி

வீட்டிலிருந்தபடியே செய்து ஊதியம் பெறக்கூடிய வேலைகள் உண்மையாகவே இருக்கின்றன. மென்பொருள் எழுதுதல், கணக்கு எழுதுதல், மொழிபெயர்ப்பு, இணையவழிப் பாடம் நடத்துதல், வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதிலளித்தல் ஆகியவை அவற்றுள் சில. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் அலுவலகங்கள் மூடப்பட்ட பிறகு இத்தகைய வேலைகள் பெருகின. மேலாளரை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் பணியில் சேர்வதும் வழக்கமாகிவிட்டது. மோசடிக்காரர்களுக்கு இந்த மாற்றமே வாய்ப்பாக அமைந்தது. அலுவலகமோ முகவரியோ காட்டாத ஒருவர் வேலை தருகிறேன் என்று சொன்னால் முன்பெல்லாம் கேட்பவருக்கு உடனே ஐயம் எழும். இப்போது நேர்மையான நிறுவனமும் அதே கைப்பேசித் திரை வழியாகத்தான் பேசுகிறது என்பதால், எதிரில் இருப்பவர் யார் என்பது முதல் பார்வையில் தெரிவதில்லை.

இந்த வலையில் சிக்குபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மை அன்று. யாருக்கும் உதவுவதும் அன்று. கைக்குழந்தையை விட்டு வெளியே செல்ல இயலாதவர்கள், நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், வேலையை இழந்தவர்கள், படிப்பை முடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஆகியோர் வேலை தேவைப்படுகிற காரணத்தாலேயே குறிவைக்கப்படுகிறார்கள். முதன்முறையாக இணையவழி வேலை தேடுகிற அத்தகையவர்களுக்காகவே இந்த வழிமுறைகளை வரிசையாக எழுதுகிறேன். ஓர் அழைப்பு வந்தவுடன் எதைப் பார்ப்பது என்பதில் தொடங்கி, பணம் கைவிட்டுப் போயிருந்தால் என்ன செய்வது என்பது வரையில் இவை செல்கின்றன.

முதல் படி: இந்த உழைப்பை விலை கொடுத்து வாங்குபவர் யார்?

மோசடிக்கு அடையாளங்களாகச் சொல்லப்படும் எழுத்துப்பிழை, அளவுக்கு மீறிய ஊதியம், அவசரப்படுத்தும் பேச்சு ஆகியவற்றைவிட இந்த ஒரு கேள்வியையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். மோசடிக்காரர்கள் இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஐயம் வராத அளவுக்கு ஊதியத்தைக் குறைத்துச் சொல்லவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் நீங்கள் செய்யப்போகும் வேலையால் பயன் பெறுபவர் யார், அவர் அதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களால் நிலையான விடையை உண்டாக்க முடிவதில்லை.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். காணொளிகளுக்கு விருப்பக்குறி இடுவதற்கும் விடுதிகளுக்கு ஐந்து நட்சத்திரம் தருவதற்கும் நாள்தோறும் பணம் தருவதாக ஒருவர் சொல்கிறார். விருப்பக்குறிகளைத் தானியங்கி நிரல்களைக் கொண்டு மிக மலிவாகப் பெருக்கிவிடலாம் என்னும்போது, ஒரு மனிதருக்குப் பெருந்தொகை கொடுத்து அதைச் செய்யச் சொல்லும் தேவை எந்த நிறுவனத்துக்கும் இல்லை; உண்மையாகவே ஒருவர் அதற்குப் பணம் கொடுத்தாலும் அது பொய் மதிப்புரை எழுதும் வேலைதான். அச்சிட்ட பக்கங்களின் படங்களைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அஞ்சல் உறைகளுக்குள் தாள் மடித்து வைக்கும் வேலை என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே பத்திரிகைகளில் விளம்பரங்கள் வந்தன. பணம் அனுப்பியவர்களுக்கு, அதே விளம்பரத்தை வெளியிட்டு அடுத்தவரிடம் பணம் வாங்குவது எப்படி என்ற குறிப்புத்தான் வந்து சேர்ந்தது. உறையை எந்திரம் மடிக்கும் காலத்தில் கைக்கூலி கொடுத்து அதைச் செய்விப்பவர் யார் என்று கேட்டிருந்தால் அன்றும் விடை கிடைத்திருக்காது.

ஆகவே அழைப்பு வந்தவுடன் ஒரு தாளில் இரண்டு வரிகள் எழுதிப் பாருங்கள்: "நான் செய்வது இது. இதனால் இன்னாருக்கு இந்தப் பயன் கிடைப்பதால் அவர் எனக்குப் பணம் தருகிறார்." இரண்டாம் வரியை உங்களால் எழுத முடியாவிட்டால் அந்த அழைப்பை அங்கேயே விட்டுவிடலாம். மற்றவர்களைச் சேர்த்துவிட்டால்தான் வருமானம் என்று சொல்லும் திட்டங்களும் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும். அங்கே விற்கப்படும் பொருள் நீங்கள் கட்டும் சேர்க்கைத் தொகையேயன்றி வேறில்லை.

இரண்டாம் படி: அழைப்பு வந்த வழியைப் பாருங்கள்

நீங்கள் விண்ணப்பிக்காத வேலை உங்களைத் தேடி வந்திருந்தால், அதுவும் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ குறுஞ்செய்தியிலோ வந்திருந்தால், அதை மோசடி என்றே எடுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஆட்சேர்ப்பாளர்கள் முன்பின் அறியாதவர்களைத் தொடர்புகொள்வது உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் உங்கள் பெயரையும், எந்தப் பணிக்காக உங்களைத் தேர்ந்தார்கள் என்பதையும், உங்கள் தன்விவரத்தை எங்கே பார்த்தார்கள் என்பதையும் சொல்வார்கள். "உங்கள் தன்விவரம் எங்களுக்குப் பல தளங்களால் பரிந்துரைக்கப்பட்டது" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கும் செய்தி ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்பட்ட செய்தி.

பெயர்பெற்ற வேலைவாய்ப்புத் தளத்தில் வந்த விளம்பரம் என்பதாலேயே அதை நம்பிவிடவும் கூடாது. அத்தளங்கள் பொய் விளம்பரங்களை நீக்கிக்கொண்டே இருக்கின்றன என்றாலும், நீக்கப்படுவதற்கு முன்பே அவற்றைப் பார்த்து விண்ணப்பித்துவிடுபவர்கள் உண்டு. அப்வொர்க், ஃபைவர் போன்ற தனிப்பணி (ஃப்ரீலான்ஸ்) தளங்களில் பார்க்க வேண்டியது வேறு: அறிமுகமாகி இரண்டு செய்திகள் பரிமாறுவதற்குள் "டெலிகிராமில் பேசலாம்" என்று வாடிக்கையாளர் உங்களை வெளியே அழைக்கிறாரா என்று கவனியுங்கள். வேலை தொடங்குமுன்பே வாடிக்கையாளரிடமிருந்து பணத்தைப் பெற்று வைத்திருந்து பிறகு உங்களிடம் தருவது அத்தளங்கள் அளிக்கும் பாதுகாப்பு. வெளியே சென்றுவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது, அதற்காகவே அழைக்கிறார்கள்.

மூன்றாம் படி: நிறுவனத்தை நீங்களே தேடிச் செல்லுங்கள்

மோசடிக்காரர்கள் பெரும்பாலும் இல்லாத நிறுவனத்தைக் கற்பனை செய்வதில்லை. உண்மையான, பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும், சில சமயம் அங்கே பணிபுரியும் ஒருவரின் பெயரையும் புகைப்படத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் "இப்படி ஒரு நிறுவனம் இருக்கிறதா?" என்று தேடி, இருக்கிறது என்று கண்டு நிம்மதி அடைவதில் பயனில்லை. இவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்தானா என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதை அறிய ஒரே வழி, அவர்கள் அனுப்பிய இணைப்பையும் எண்ணையும் தொடாமல், நீங்களாகவே உலாவியில் நிறுவனத்தின் முகவரியைத் தேடிச் சென்று, அங்குள்ள வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்தப் பணி இடம்பெற்றிருக்கிறதா என்று பார்ப்பதும், அங்கே தரப்பட்டுள்ள தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ எழுதிக் கேட்பதும்தான். இதற்கு ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாளைத் தர மறுத்து, "இன்று மாலைக்குள் இடம் நிரம்பிவிடும்" என்று சொல்பவரிடம் வேலை இல்லை என்றே முடிவுசெய்யலாம்.

மின்னஞ்சல் முகவரியில் 'அட்' குறிக்குப் பின் வரும் பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நிறுவனத்தின் பெயரோடு 'கேரியர்ஸ்', 'எச்ஆர்', 'ஜாப்ஸ்' போன்ற சொல்லை ஒட்டியோ, ஓரெழுத்தை மாற்றியோ புதிய முகவரியைப் பதிவுசெய்வது பழைய தந்திரம். ஓர் இணையதள முகவரி எப்போது பதிவுசெய்யப்பட்டது என்பதை, இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பல்லாண்டுகளாக இயங்குவதாகச் சொல்லும் நிறுவனத்தின் தளம் சென்ற மாதம்தான் பதிவாகியிருந்தால் வேறு சான்று தேவையில்லை. சில உலாவிகளின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பலர் நம்பகத்தன்மையின் முத்திரையாக எண்ணுகிறார்கள். உங்களுக்கும் அத்தளத்துக்கும் இடையிலான பரிமாற்றத்தை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்பதை அன்று. மோசடித் தளங்களிலும் அந்தப் பூட்டு இருக்கும்.

நிறுவனப் பதிவேடுகளையும் பார்க்கலாம். பிரிட்டனில் கம்பெனீஸ் ஹவுஸ், சிங்கப்பூரில் அக்ரா, இந்தியாவில் கம்பெனி விவகாரங்களுக்கான அமைச்சகத்தின் தளம் என்று பல நாடுகளில் பொதுமக்கள் தேடிப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் பதிவுச் சான்றிதழின் படத்தை அவர்களே உங்களுக்கு அனுப்பிவைத்தால் அதற்கு மதிப்பு எதுவும் தர வேண்டாம்.

நான்காம் படி: நேர்காணலைக் கவனியுங்கள்

உண்மையான முதலாளிக்கு நீங்கள் வேலை செய்யத் தகுதியானவரா என்பது தெரிந்தாக வேண்டும். தவறான ஆளை எடுத்தால் இழப்பு அவருக்குத்தான். ஆகவே அவர் கேள்வி கேட்பார், முன்செய்த வேலைகளைப் பார்ப்பார், குரலிலோ காணொளியிலோ பேசுவார், சிலரை நிராகரிப்பார். மோசடிக்காரருக்கு உங்கள் தகுதி தேவையே இல்லை என்பதால், எழுத்துவழி அரட்டையில் நான்கைந்து பொதுவான கேள்விகள் கேட்டுவிட்டு அரைமணி நேரத்தில் "தேர்வாகிவிட்டீர்கள்" என்கிறார். காணொளிவழிப் பேச மறுப்பதும் ஒரு குறியே. ஆனால் காணொளியில் பேசிவிட்டதால் மட்டும் ஒருவரை நம்பிவிட முடியாது. மற்றொருவரின் முகத்தைப் பொருத்திப் பேசும் மென்பொருள்கள் வந்துவிட்டன.

நீங்களும் கேள்வி கேளுங்கள். யாருக்குக் கீழ் வேலை செய்வேன், அந்தப் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஊதியம் எந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து வரும், எந்த நாட்டின் சட்டப்படி ஒப்பந்தம் எழுதப்படும் என்று கேட்டால் நேர்மையானவர் தயங்காமல் விடை சொல்வார். மோசடிக்காரர் எரிச்சல் அடைவார், அல்லது "எல்லாவற்றையும் உங்கள் பயிற்றுநர் விளக்குவார்" என்று நகர்ந்துவிடுவார்.

'டாஸ்க்' மோசடி: இதைத் தனியாக அறிந்துகொள்வது அவசியம்

சிறு சிறு பணிகளை ('டாஸ்க்') முடிக்கச் சொல்லிப் பணம் பறிக்கும் இந்த வகை அண்மை ஆண்டுகளில் மிக வேகமாகப் பரவியது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2020இல் இவ்வகைப் புகார் ஒன்றுகூட வரவில்லை. 2023இல் சுமார் 5,000 புகார்கள் வந்தன. 2024இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் சுமார் 20,000 வந்தன. புகார் செய்யாதவர்கள் எப்போதும் இதைவிடப் பலர்.

இதன் நடைமுறை ஊருக்கு ஊர் பெரிதாக வேறுபடுவதில்லை. முதலில் ஒரு பெண்ணின் பெயரில் கனிவான செய்தி வரும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும், முன் அனுபவம் வேண்டாம் என்பார்கள். ஒப்புக்கொண்டால் டெலிகிராமில் 'பயிற்றுநர்' ஒருவரிடம் அனுப்புவார்கள். அவர் ஒரு தளத்தில் உங்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பார். அதன் பெயரும் தோற்றமும் நீங்கள் அறிந்த ஏதோவொரு பெரிய நிறுவனத்தை நினைவுபடுத்தும். பொருள்களை மதிப்பிடுவது, பொத்தானை அழுத்தி 'ஆர்டர்களை' முடிப்பது என்று நாற்பது, ஐம்பது சிறு பணிகளைக் கொண்ட தொகுதிகளாக வேலை தரப்படும். முதல் நாள் முடிவில் ஒரு சிறு தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு உண்மையாகவே வந்து சேரும். மோசடிக்காரருக்கு இதுதான் முதலீடு. "பணம் வந்துவிட்டதே, பிறகு எப்படிப் பொய்யாக இருக்கும்?" என்று நீங்களே உங்களிடம் வாதாடத் தொடங்குவீர்கள்.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, கூடுதல் கமிஷன் தரும் 'சிறப்புப் பணி' வரும். அதைச் செய்ய உங்கள் கணக்கில் போதிய இருப்பு வேண்டும், சிறிது பணம் போடுங்கள், பணி முடிந்ததும் இலாபத்தோடு திரும்பிவிடும் என்பார்கள். ஒருமுறை திரும்பவும் செய்யும். பிறகு வரும் பணியில் இருப்பு திடீரென்று எதிர்மறை எண்ணாக மாறும். தொகுதியை முடித்தால்தான் பழைய பணத்தை எடுக்கலாம், முடிக்க மேலும் பணம் போட வேண்டும். உங்களைச் சேர்த்திருக்கும் குழுவில் மற்ற 'ஊழியர்கள்' தாங்கள் பெற்ற தொகைகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பகிர்ந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் ஏறத்தாழ எல்லோரும் அதே கும்பலின் ஆட்கள். போடும் பணம் கிரிப்டோ நாணயமாகவோ, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தனிநபர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குகளுக்கோ கேட்கப்படும். இறுதியில் பணத்தை எடுக்க முயலும்போது வரி, சரிபார்ப்புக் கட்டணம், 'நம்பிக்கை மதிப்பெண்' குறைந்ததற்கான அபராதம் என்று புதுப்புதுத் தடைகள் வரும். நீங்கள் செலுத்துவதை நிறுத்தும் வரையில் அவையும் நிற்கமாட்டா.

இங்கே மனத்தில் இருத்த வேண்டியது, அந்தத் தளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே தெரியும் தொகை பணமே அன்று என்பதுதான். அவர்கள் தாங்களே எழுதிய பக்கத்தில் தாங்களே இட்ட எண் அது. அதை 'விடுவிக்க' என்று செலுத்தப்படும் ஒவ்வொரு தொகையும் புதிய இழப்பு. போனதை மீட்கும் ஆசையில்தான் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் மேலும் மேலும் பணம் அனுப்புகிறார்கள். இந்தக் கட்டத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், அடுத்த தொகையை மட்டும் அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் வரும் சிறு தொகையை வாங்கிக்கொண்டு விலகிவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் இன்னொருவரிடம் பறித்த பணம். அவர் புகார் செய்தால் அது வந்து சேர்ந்த உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம்.

எதிர்முனையில் எழுதுபவரைப் பற்றியும் ஒரு சொல். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி செய்யுமாறு கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கக்கூடும் என்று கூறியது. வெளிநாட்டு வேலை என்று நம்பிச் சென்று அடைக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். ஆகையால் எதிரில் இருப்பவரிடம் கெஞ்சுவதாலோ சண்டையிடுவதாலோ பணம் திரும்பப் போவதில்லை. அதை முடிவுசெய்யும் இடத்தில் பெரும்பாலும் அவர் இல்லை.

ஐந்தாம் படி: பணமும் ஆவணமும் எந்தத் திசையில் செல்கின்றன?

வேலை தருபவருக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டிய சூழ்நிலை இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை, 'எங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில்' மடிக்கணினி வாங்கும் செலவு என்று பெயர் எதுவானாலும் முடிவு ஒன்றே. தனிப்பணித் தளங்கள் உங்கள் வருமானத்தில் கமிஷன் பிடிப்பதும், சில தளங்கள் விண்ணப்பம் அனுப்புவதற்கே சிறு கட்டணம் வாங்குவதும் வேறு வகை. அவை தளத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டணங்கள், வேலை தருபவர் கேட்பவை அல்ல.

காசோலை புழங்கும் நாடுகளில் இன்னொரு முறை உண்டு. அலுவலகப் பொருள்கள் வாங்க என்று தேவைக்கு மேற்பட்ட தொகைக்குக் காசோலை வரும். மிச்சத்தை உடனே வேறொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள். காசோலை உண்மையானதா என்று உறுதியாவதற்கு முன்பே வங்கி அத்தொகையை உங்கள் கணக்கில் காட்டிவிடுவதால் நீங்களும் அனுப்பிவிடுவீர்கள். சில நாள்களோ வாரங்களோ கழித்துக் காசோலை பொய் என்று திரும்பும்போது முழுத் தொகையும் உங்கள் பொறுப்பில் நிற்கும்.

ஆவணங்களில் மக்கள் காட்டும் அலட்சியம் பணத்தில் காட்டுவதைவிட அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடையாள அட்டையின் இருபுறமும், அதைக் கையில் பிடித்தபடி எடுத்த புகைப்படம், கையொப்பம், வங்கி அறிக்கை ஆகியவை ஒருவர் கையில் சேர்ந்துவிட்டால் உங்கள் பெயரில் கடன் வாங்கவும் கைப்பேசி இணைப்புப் பெறவும் அவரால் முயல முடியும். விண்ணப்பக் கட்டத்தில் தன்விவரம் மட்டுமே போதும். பணியாணை வந்து, மூன்றாம் படியில் சொன்னபடி நிறுவனத்தைச் சரிபார்த்த பிறகே ஆவணங்களை அனுப்புங்கள். அனுப்பும் நகலின் மேல், எழுத்துகளின் குறுக்கே, எந்த நிறுவனத்துக்காக எந்தத் தேதியில் தரப்பட்டது என்று எழுதிவிடுங்கள். ஓடிபி எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் சொல்லக் கூடாது. 'பயிற்சிக்காக' எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் செயலிகளை உங்கள் சொந்தக் கைப்பேசியில் நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தச் செயலிகள் நல்ல பயன்பாட்டுக்காக உருவானவைதான், ஆனால் முன்பின் அறியாதவர் கையில் அவை உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்துவிடும்.

ஆறாம் படி: உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கும் வேலைகள்

பணம் பறிபோவதைவிடக் கொடியது, தெரியாமலே குற்றத்தில் பங்காளியாவது. உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் தொகையில் ஒரு பங்கைக் கமிஷனாக வைத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கோ கிரிப்டோவாகவோ மாற்றி அனுப்பும் 'நிதிப் பரிமாற்ற உதவியாளர்' வேலை அப்படிப்பட்டது. குற்றப் பணத்தின் தடத்தை மறைக்க இடையில் வைக்கப்படும் ஆள் நீங்கள். காவல்துறை முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். உங்களுக்குத் தெரியாது என்பதை விளக்கும் சுமையும் நடைமுறையில் உங்கள் மேல் விழக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் 2016 முதல் இத்தகைய இடைக் கணக்குகளைக் குறிவைத்துப் பல நாடுகளோடு சேர்ந்து நடவடிக்கை எடுத்துவருகிறது. வங்கிக் கணக்கையோ சிம் அட்டையையோ வாடகைக்குக் கேட்பவரும் இதே தொழிலைத்தான் செய்கிறார்.

பார்சல் வேலையும் இவ்வாறே. வீட்டுக்கு வரும் பொருள்களைப் பிரித்து, புதிய முகவரி ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். அவை திருடப்பட்ட கடன் அட்டைகளால் வாங்கப்பட்ட பொருள்களாக இருக்கும்; மாத முடிவில் வரவேண்டிய ஊதியம் வராது, பொருள் வந்து சேர்ந்த முகவரி மட்டும் உங்களுடையதாகப் பதிவாகியிருக்கும்.

ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டினால்

டேட்டா என்ட்ரி வேலையில் ஒரு தனி வகை உண்டு. பணம் எதுவும் கேட்கமாட்டார்கள்; மின்னணு ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பம் வாங்கிக்கொண்டு சில நாள்களுக்குள் முடிக்க இயலாத அளவுக்குப் பக்கங்களைத் தருவார்கள். இரவும் பகலும் உழைத்து அனுப்பினாலும் 'துல்லியம் 90 விழுக்காட்டுக்குக் குறைவு' என்று சொல்லி, ஊதியத்துக்குப் பதிலாக இழப்பீடு கேட்டு வழக்கறிஞர் பெயரில் அறிவிப்பு அனுப்புவார்கள். காவல் நிலையம், நீதிமன்றம், கைது என்ற சொற்களைத் தொலைபேசியில் அடுக்குவார்கள். அஞ்சிப் பணம் கட்டிவிடுபவர்களை நம்பியே இந்தத் தொழில் நடக்கிறது.

இத்தகைய மிரட்டல் வந்தால் தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், பணம் கட்டாதீர்கள், எல்லாச் செய்திகளையும் சேமித்துவையுங்கள். உண்மையான நீதிமன்ற ஆணை வாட்ஸ்அப்பில் பணம் கட்டும் இணைப்போடு வருவதில்லை. அறிவிப்பு மெய்யானதுபோல் தோன்றினால் ஒரு வழக்கறிஞரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ காட்டுங்கள்; முடிவை அவர்கள் சொல்லட்டும், மிரட்டுபவர் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் படி: தனியாக முடிவெடுக்காதீர்கள்

மேலே சொன்ன ஒவ்வொரு மோசடிக்கும் இரண்டு துணைகள் தேவைப்படுகின்றன: உங்கள் அவசரமும் உங்கள் தனிமையும். "குழுவுக்கு வெளியே இதைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று அவர்கள் கட்டளையிடுவது இதனால்தான். எந்த வேலை அழைப்பானாலும், ஆவணமோ பணமோ அனுப்புவதற்கு முன் ஓர் இரவு கடந்தாக வேண்டும் என்றும், அந்த அழைப்பை வீட்டிலோ நட்பிலோ ஒருவரிடம் முழுவதுமாகச் சொல்லிக் காட்டியாக வேண்டும் என்றும் உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்லும்போதே கதையின் ஓட்டை பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கும்போது ஏளனம் செய்தால் அடுத்தமுறை அவர் சொல்லமாட்டார்.

பணம் போய்விட்டால்

முதலில் வங்கியை அழைத்துப் பரிவர்த்தனையைத் தடுக்கக் கேளுங்கள். அதன் பிறகே மற்றவை. மோசடிப் பணம் சில மணி நேரத்தில் பல கணக்குகளைக் கடந்துவிடுவதால் நாளை பார்க்கலாம் என்ற எண்ணமே மிகப் பெரிய இழப்பாக முடியும். இந்தியாவில் 1930, மலேசியாவில் 997 ஆகிய எண்கள் இதற்காகவே உள்ளன. சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணில் ஐயமுள்ள எதைப் பற்றியும் கேட்கலாம். அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையத்திலும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும், கனடாவில் மோசடித் தடுப்பு மையத்திலும், ஆஸ்திரேலியாவில் ஸ்கேம்வாட்ச் தளத்திலும் புகார் பதிவு செய்யலாம்.

உரையாடலை அழித்துவிடாதீர்கள். வெட்கத்தாலும் கோபத்தாலும் பலர் முதலில் செய்வது அதைத்தான். செய்திகள், எண்கள், பயனர் பெயர்கள், தள முகவரி, பணம் சென்ற கணக்கு விவரங்கள், பரிவர்த்தனை எண்கள், கிரிப்டோ முகவரிகள் ஆகிய அனைத்தையும் படமாக எடுத்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். பிறகு அந்த எண்களை முடக்கி, கடவுச்சொற்களை மாற்றி, அவர்கள் நிறுவச் சொன்ன செயலிகளை நீக்கிவிடுங்கள்.

இன்னொரு கட்டம் உண்டு. அதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து வழக்கறிஞர் என்றோ, இணையக் காவல் அதிகாரி என்றோ, கிரிப்டோ மீட்பு வல்லுநர் என்றோ ஒருவர் தொடர்புகொண்டு, நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்லி, முன்பணம் கட்டினால் மீட்டுத் தருவதாகச் சொல்வார். தொகை அவருக்குத் தெரிந்திருப்பது, அவர் உங்களை ஏமாற்றிய கும்பலைச் சேர்ந்தவர் அல்லது அக்கும்பலிடமிருந்து ஏமாந்தவர்களின் பட்டியலை வாங்கியவர் என்பதால்தான். எந்த நாட்டின் காவல்துறையும் பணத்தை மீட்டுத் தருவதற்கு முன்கட்டணம் வாங்குவதில்லை. ஆவணங்களும் கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் புதிய கடன் எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடன் தகவல் அறிக்கையை அடுத்த ஓராண்டுக்காவது சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அப்படி ஏதேனும் தென்பட்டால், காவல்துறையில் ஏற்கெனவே பதிவுசெய்த புகாரின் நகலை இணைத்துக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் மறுப்புத் தெரிவியுங்கள்.